சிலுப்பாத கிடா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஹாலிஎலையிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், கறிக்கடை நானாவிடம் "எலும்ப கொறைங்க நானா" என்று சண்டை பிடித்து ஆட்டிறைச்சி வாங்குகிறவள். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் "பாவம், இளகின மனசு" என்று என்னைப் பார்த்து உருக வேண்டாம். எனக்கு இளகின மனசு கிடையாது. எனக்கு இருப்பது கோபம். அது ஒன்பது வயதில் வந்தது, இன்னும் போகவில்லை.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில். எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கல் உண்டு. அதற்குப் பெயர் ரோதமுனி. ஆலையின் ரோதை, அந்தப் பெரிய சக்கரம், யாருடைய கையையும் காலையும் இழுத்துக்கொள்ளாமல் காக்கிற சாமி. ஆலையை மூடிப் பல வருஷமாகிறது. ரோதை நின்றுவிட்டது, முனியின் பசி மட்டும் நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு திருவிழா, திருவிழாவுக்கு ஒரு கிடா.

கிடாவைச் சும்மா வெட்டிவிட முடியாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மாலை போட்டுக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, பூசாரி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று சொம்பு வரை ஊற்றலாம். மூன்றுக்கும் சிலுப்பாவிட்டால் அந்தக் கிடாவை யாரும் தொடக்கூடாது. அப்படி ஒன்று நடந்ததாக எங்கள் தோட்டத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒன்பது வயதில் என்னிடம் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தேயிலை மலை ஓரமாக மேய்த்துக்கொண்டு போவேன். இரவில் என் காலடியில்தான் படுக்கும், சில நாள் என் சாக்குப் போர்வையையும் இழுத்துக்கொள்ளும். அது முனிக்கு நேர்ந்துவிட்ட குட்டி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

திருவிழா அன்று விடியற்காலை, மடுல்சீமைக் குளிர், வாயைத் திறந்தால் புகை வரும். மலையிலிருந்து நேரே விழுகிற பீலித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து அதன் தலையில் ஊற்றினார்கள். குட்டி நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்கச் சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். "உத்தரவு குடுத்துருச்சு!" என்று என் மாமா, அம்மாவின் அண்ணன், இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"அது குளிருக்குச் சிலுப்பிச்சு மாமா!" என்று நானும் கத்தினேன்.

கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாமா. அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் "எனது செல்லப் பிராணி" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் நடந்ததை அப்படியே எழுதி, "எனது ஆடு சம்மதிக்கவில்லை. அதற்குக் குளிர்ந்தது" என்று முடித்தேன். டீச்சர் அந்த இரண்டு வரியையும் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, "எனது ஆடு துள்ளி விளையாடும். நான் அதை மிகவும் நேசிக்கிறேன்" என்று தன் கையால் எழுதி, பத்துக்கு எட்டுப் போட்டுக் கொடுத்தார். செத்துப்போன ஆடு துள்ளி விளையாடுமாம்! எழுத வந்தது எப்படி என்று கேட்கிறவர்களிடம் வாசிகசாலை, வாசிப்புப் பழக்கம் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் அந்தச் சிவப்புப் பேனைதான்.

வளர்ந்த பிறகு அந்தக் கோபம் வேறு பக்கமும் திரும்பியது. காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையாக நிற்கிற சனத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். தலையில் சாக்கு, முதுகில் கூடை, குளிரில் பல் அடித்துக்கொண்டிருக்கும். இன்றைக்குக் கொழுந்து கூடுதலாக எடுக்க வேண்டும் என்று முன்னால் நிற்கிறவர் சொல்வார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "எல்லாரும் சரின்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். எங்களைக் கேட்டுத்தான் எல்லாம் நடந்ததாம். நாங்கள் நடுங்கினதையெல்லாம் தலையாட்டினதாக யாரோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் எனக்கு இந்தச் சிலுப்பல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. வெட்டுகிறாயா, வெட்டு. தின்கிறாயா, தின்னு, நானும்தான் தின்கிறேன். அது சம்மதித்தது என்று மட்டும் சொல்லாதே.

இப்போது நான் ஹாலிஎலையில் படிப்பிக்கிறேன். ரயில் பாதைக்கு மேலே சின்ன வீடு. அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் அம்மா மூச்சு முட்டல் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். மாமா மடுல்சீமையிலிருந்து வந்து, வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். எழுபது வயது மனுஷன், தோட்டத்துக் கோயில் கமிட்டியின் தலைவர், எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதார். அந்த பெஞ்சிலேயே முனிக்கு நேர்ந்துகொண்டார்: தங்கச்சி எழுந்து நடந்தால் ஒரு கிடா.

அம்மா எழுந்து நடந்தாள். அடுத்த மாதம் மாமா ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கட்டினார். நோய் கண்ட வீட்டில்தான் அது வளர வேண்டுமாம்.

"திருவிழா வரைக்கும் நல்லா பாத்துக்க புள்ள," என்றார்.

"பாத்துக்கிறேன் மாமா," என்றேன்.

சத்தியமாக, முதலில் அதோடு ஒட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். அது விட்டால்தானே! நான் பிள்ளைகளின் கொப்பிகள் திருத்த உட்கார்ந்தால் மேசைக்கடியில் வந்து என் கால் மேல் மோவாயை வைத்துக்கொள்ளும். எழுதினால் தாளைத் தின்னும். கமகமவென்று தேங்காய்ப் புண்ணாக்கை எதிரே வைத்தாலும் அதற்குத் தாள்தான் வேண்டும். ஒரு முறை நான் எழுதி முடித்த கதையின் கடைசிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. மறுபடி எழுத எரிச்சலாக இருந்ததால் முடிவில்லாமலேயே பத்திரிகைக்கு அனுப்பினேன். "முடிவை வாசகரிடம் விட்டது அருமை" என்று இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

திருவிழாவுக்கு நாலு மாதம் இருக்கும்போது அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். இந்த ஆட்டைக் கொடுக்க வேண்டாம், முனிக்கு வேறு ஏதாவது செய்வோம், பொங்கல் வைப்போம் என்றேன். படித்தது, கேட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நேந்தத குடுக்கலன்னா முனி விடாதுடி. மறுபடி அந்த மூச்சு முட்டல் வந்தா நான் தாங்க மாட்டேன்."

அதற்கு மேல் என்ன பேசுவது? ஆட்டை ஒளித்துவைக்கலாம், மொனராகலைப் பக்கம் யாரிடமாவது அனுப்பிவிடலாம். ஆனால் அம்மா பயத்திலேயே படுத்துவிடுவாள். ஆட்டின் உயிரும் வேண்டும், அம்மாவின் நிம்மதியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக்கூடியவர் ஒரே ஆள்தான், முனி. முனி தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சரி, சொல்ல வைக்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

மறுநாளிலிருந்து ஆட்டுக்குத் தினமும் தலைக்குக் குளியல். எங்கள் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். நான் எழுவது ஆறரைக்கு. கொல்லையில் வாளி நிறைய ஜில்லென்று தண்ணீர் இருக்கும். ஒரு சொம்பு எடுத்து அதன் தலையில் ஊற்றுவேன். முதல் வாரம் அது சிலுப்பின சிலுப்பில் நான்தான் குளித்தேன். இரண்டாவது வாரம் காதை மட்டும் ஆட்டியது. ஒரு மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற அசை போட்டுக்கொண்டு நிற்கப் பழகிவிட்டது. அப்புறம் மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டுப் பார்த்தேன், மாலையைத் தின்றது. திருவிழாச் சத்தத்தில் மிரண்டுவிடக்கூடாதே என்று கைப்பேசியில் தப்பு மேளம் அடிக்கிற சத்தத்தைப் போட்டுவிட்டு ஊற்றினேன்.

"காலங்காத்தால என்னடி தப்புச் சத்தம், யாரு செத்தா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஆட்டுக்கு உண்ணி, கழுவுறேன்."

"ஓகோ, உண்ணியா," என்றாள் அம்மா.

திருவிழா அன்று ஒரு ஆட்டோ பிடித்து மூன்று பேரும் மடுல்சீமைக்குப் போனோம். ஆடு அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லை வேறு, மடுல்சீமைப் பீலித் தண்ணீர் வேறு. ஒரே ஒரு சிலுப்பல் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தப்பு முழங்கியது. பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். ஆடு நாக்கை நீட்டி, மூக்கில் வழிந்த மஞ்சள் தண்ணீரை நக்கியது. கூட்டத்தில் சிரிப்பு. இரண்டாவது சொம்பு. கழுத்து மாலையில் ஒரு பூவைக் கடித்து நிதானமாக மென்றது. சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது சொம்பை மாமாவே வாங்கி, தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினார். அது மாமாவை அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான். ஒரு மயிர் அசையவில்லை.

"காதுக்குள்ள ஊத்துங்க," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மாமா மறுபடி சொம்பை நீட்டினார்.

பூசாரி சொம்பைக் கையால் மறித்தார். "மூணுதான் மொற. அதுக்கு மேல கேட்டா சாமிகிட்ட மல்லுக்கு நிக்கிற மாதிரி. முனி வேணான்னுருச்சு, விடுங்க."

யாரோ ஒரு கிழவி குலவை போட்டாள். பிறகு எல்லாரும் போட்டார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற ஆட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முனிக்கு அன்று கிடாவுக்குப் பதிலாக நாலு சேவல் போனது. சேவல்களுக்காக நான் எதுவும் செய்யவில்லை. மத்தியானம் குழம்பும் சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால் நான் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து மாமா ஒரு பிஸ்கட் பக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குச் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதில் முனியின் அற்புதத்தை இரண்டு பக்கத்துக்கு நான் எழுத வேண்டுமாம்.

"நீதான் நம்ம தோட்டத்துலருந்து எழுதுற ஒரே புள்ள. மூணு சொம்பு ஊத்தியும் சாமி மறுத்துச்சுன்னு உருக்கமா எழுது," என்றார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மூன்று வாரம் தவித்தேன். உருக்கமாக எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை, அரை மணி நேர வேலை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கன்னம் எரிந்தது. ஆடு சிலுப்பினது சாமியின் உத்தரவு இல்லை என்றால், சிலுப்பாததும் சாமியின் உத்தரவு இல்லை. அன்றைக்கு டீச்சர் செய்ததை இன்றைக்கு நானே செய்வதா? சிவப்புப் பேனையை என் கையில் கொடுத்து, என் கட்டுரையை நானே வெட்டச் சொல்கிறார்கள். அதே நேரம், உண்மையை எழுதினால் ஆட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு போய்விடும். அம்மாவுக்கு அந்தப் பயம் திரும்பி வரும், பயத்தோடு மூச்சு முட்டலும் வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சொம்பு, மஞ்சள், தப்புச் சத்தம், ஒன்றையும் விடவில்லை. ஆனால் மாமாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அவள் நெஞ்சைப் பிடித்தால் அங்கேயே கிழித்து ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படித்தேன். அம்மா கீரையை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா."

"வாளியப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"எந்த வாளி?"

"தெனமும் நீ போறப்ப ரொம்பியிருந்துச்சே, அந்த வாளி. தண்ணி வர்றது அஞ்சு மணிக்கு. மகாராணி எந்திரிக்கிறது ஆறரைக்கு. வாளி தானாவா ரொம்புச்சு?"

நான் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"உண்ணியாம் உண்ணி! மொத வாரமே தெரியும்டி எனக்கு. ஆட்டப் பாத்தா தெரியாதா, உன் மொகத்தப் பாத்தா தெரியாதா?"

"பயமா இல்லையாம்மா?"

"பயமில்லாம? நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. அன்னிக்கிக் கல்லுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு முனிகிட்ட சொன்னேன். தண்ணி புடிச்சு வச்சது நான், அவ மேல கோவப்படாத. எடுக்கணும்னா என் மூச்ச எடுத்துக்கன்னு சொன்னேன். எடுக்கல. இந்தா, இருக்கேன்ல."

"ஏம்மா இப்படிச் செஞ்சே?"

அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "ஒம்போது வயசுல உன்ன அண்ணன் அடிச்சுச்சே, நான் பக்கத்துலதான் நின்னேன். குலவ போட்டதுல நானும் ஒருத்தி. அது குளிருக்குத்தான் சிலுப்பிச்சுன்னு எனக்கும் தெரியும்டி. அன்னிக்கி வாயத் தொறக்கல." கீரைக்கட்டை மறுபடி கையில் எடுத்தாள். அப்புறம் சொன்னாள், "எழுது. ஆனா என்னையும் போடு. நீ ஒருத்தி மட்டும் பெரிய வீராதி வீரியா?"

போட்டேன். வாளியிலிருந்து குலவை வரைக்கும் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன்.

மாமா வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, உதடு அசைய அசைய முழுவதையும் படித்தார். படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இத மலர்ல போட முடியாது."

"தெரியும் மாமா."

"சாமிய ஏமாத்தியிருக்கீங்க."

"சாமிய ஏமாத்தல மாமா. உங்களத்தான் ஏமாத்துனோம்."

அவர் முகம் சிவந்தது. அந்தப் பழைய கை உயருமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. உயர்ந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

"அப்ப அன்னிக்கிக் கெடச்ச உத்தரவு செல்லாது," என்றார். "வர்ற திருவிழாவுக்கு ஆட்டக் கொண்டாங்க. மறுபடி ஊத்தணும். நேந்தது நேந்ததுதான். நான் யாருக்காக நேந்தேன்? எனக்காகவா?"

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். வாளியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். ஆடும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றது. அம்மா மாமாவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். சொம்பை அவரிடம் நீட்டினாள்.

"நோவு வந்தது எனக்குத்தானண்ணே. நேந்ததும் எனக்காகத்தான். இந்த வாயில்லாச் சீவன எதுக்குக் கேக்குறீங்க? என் தலையில ஊத்துங்க. முப்பது வருசத்துக்கு மேல மலையில கொழுந்தெடுத்து நனஞ்ச தல இது. நானும் ஒவ்வொரு நாளும் குளுருலதான் நடுங்குனேன், ஒரு நாளும் சரின்னு சொல்லல. ஊத்துங்க. சிலுப்புறேனான்னு பாப்போம்."

மாமா சொம்பை வாங்கினார். அவர் கை நடுங்கியது, தண்ணீர் சொம்பின் விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்தியது.

அவர் சம்மதித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். வயதான மனுஷன், கை நடுங்கியது. அவ்வளவுதான்.